குட்டியின் வயிறும் நம் அவசரமும்

ஒரு வீட்டுக்குப் புதிதாக நாய்க்குட்டி வந்து சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அதுவரை மாறி மாறி அதைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சற்று விலகி நின்று, கூடத்து மூலையில் அது செய்து வைத்திருக்கும் காரியத்தைக் கவலையோடு உற்றுப் பார்க்கும் ஒரு வேளை அனேகமாக வந்தே தீருகிறது. கட்டியாக இருக்க வேண்டியது கூழாகவும், பழுப்பாக இருக்க வேண்டியது மஞ்சளாகவும் இருக்கக் கண்டவுடன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வைத்தியராகிவிடுகிறார்கள். பாலில் தண்ணீர் போதவில்லை என்பார் ஒருவர். பாலே போதவில்லை என்பார் மற்றொருவர். அடுத்த தெருவில் நாய் வளர்ப்பவர் தாம் வாங்கும் பை ஆகாரத்தின் பெயரைச் சிபாரிசு செய்வார். கடைக்காரரோ அதைவிட விலை உயர்ந்த வேறொன்றை எடுத்து மேஜைமீது வைப்பார். இந்த யோசனைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, சில வீடுகளில் ஒரே நாளிலேயே, அந்தச் சிறு ஜீவனின் வயிற்றுக்குள் அனுப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கழிச்சல் நிற்கவில்லையே என்று வியக்கிறோம்.

என்ன ஆகாரம் கொடுப்பது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் கேட்கத் தக்க கேள்வி அது அன்று. வயிறு ஏன் கெட்டது என்பதை ஓரளவாவது அறிந்த பிறகே எது ஒத்துக்கொள்ளும் என்பதை நிர்ணயிக்க முடியும். காரணத்தை விசாரிக்காமல் உணவை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், முதற்காரணம் தானாக விலகிய பிறகும் அந்த மாற்றமே ஒரு புதிய காரணமாகி நிலைத்துவிடுகிறது. அன்பிலும் பணத்திலும் குறை வைக்காத குடும்பங்கள்கூட இந்த விஷயத்தில் பொறுமையில் குறை வைக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அந்தக் குறை நம் வீட்டு வாசலில் பிறப்பதும் இல்லை. குட்டியை விற்கும் இடத்திலேயே அது பிறந்துவிடுகிறது.

தாய் நாயின் சீம்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் பொருள்களைக் குட்டியின் குடல் பிறந்த முதல் ஒரு நாளுக்குள்தான் அப்படியே உறிஞ்சிக்கொள்ள வல்லது. அன்று பெற்ற அந்தக் கொடையே பல வாரங்களுக்கு அதைக் காத்து நிற்கிறது. மூன்று நான்கு வாரங்களில் அது மெல்லிய திட உணவை நக்கக் கற்றுக்கொண்டு, ஏழெட்டு வாரங்களுக்குள் பாலைச் சிறுகச் சிறுக மறக்கிறது. மத்திய அரசு 2017-இல் வகுத்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்றே சொல்லுகின்றன. விதி இவ்வாறிருக்க, 30-ஆம் நாளிலும் 35-ஆம் நாளிலும் கைமாறுகிற குட்டிகள் நம் ஊர்களில் ஏராளம். சிறியதாக இருந்தால்தான் நன்றாகப் பழகும் என்று வாங்குகிறவர் எண்ணுகிறார், தீனிச் செலவு மிச்சம் என்று விற்கிறவர் எண்ணுகிறார். தாயையும் கூடப் பிறந்தவற்றையும் பிரிந்து, அட்டைப் பெட்டிக்குள் பஸ் யாத்திரை செய்து, புதிய தண்ணீரும் புதிய உணவும் புதிய கைகளும் ஒரே நாளில் வாய்க்கப்பெற்ற ஒரு மாதத்துச் சிசுவுக்கு வயிறு கலங்காமல் இருந்தால் அதுவே ஆச்சரியம்.

ஆகையால் புதிதாக வந்த குட்டிக்கு மிக உத்தமமான ஆகாரம் எது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறது: நேற்று வரை அது எதைத் தின்றதோ, அது அபாயமான பொருளாக இல்லாத பட்சத்தில், அதையே இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். அந்த உணவு மட்டமானதாகவே இருக்கட்டும். அதை உயர்த்துவதற்குப் பிறகு வேண்டிய காலம் இருக்கிறது.

இந்த விதிக்கு நான் ஒரே ஒரு விலக்கு வைப்பேன், அது பால். நாய்க்குட்டி என்றால் அதன் முன்னே ஒரு தட்டுப் பால் என்ற சித்திரம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. பசும்பாலில் 100 பங்குக்கு ஏறக்குறைய 5 பங்கு பால் சர்க்கரை. புரதம் 3 பங்குக்குச் சற்று அதிகம். கொழுப்பு 4 பங்கு அளவில் இருக்கும். தாய் நாயின் பாலிலோ பால் சர்க்கரை 3 முதல் 4 பங்குதான். ஆனால் புரதம் 7, 8 பங்கு வரையிலும் கொழுப்பு 9 பங்கு அளவிலும் இருக்கின்றன. இதன் விளைவு என்னவென்றால், தாயிடம் பெற்ற அதே சக்தியைப் பசும்பாலிலிருந்து பெறுவதற்குக் குட்டி இரண்டு மடங்குக்கு மேல் குடித்தாக வேண்டும். அப்படிக் குடிக்கும்போது அதன் குடலில் இறங்கும் பால் சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அந்தச் சர்க்கரையைப் பிளக்கும் நொதியோ, பால்குடி மறக்கும் பருவத்திலிருந்து நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. பிளக்கப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்கே நீரை இழுத்து, கிருமிகளால் புளித்து, வாயுவாகவும் கழிச்சலாகவும் வெளிப்படுகிறது.

பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் இலேசாக ஜீரணமாகும் என்ற நம்பிக்கை, மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், நிலைமையை இன்னும் மோசமாக்குவதாகத் தெரிகிறது. சிறிய வயிறு தண்ணீரால் நிரம்பிவிடுகிறது, பசி அடங்குவதில்லை, பசிக்கிறதே என்று இன்னும் ஒரு தட்டு ஊற்றப்படுகிறது. அதனோடு டீக்கடைப் பொறையையோ மேரி பிஸ்கட்டையோ ஊறவைத்துக் கொடுப்பது நம் தேசாசாரம். மைதாவும் சர்க்கரையும் பாலும் சேர்ந்த அந்தக் கலவையில் வளரும் பிராணிக்கு வேண்டியது மிகச் சொற்பம் என்பதோடு, வயிறு கெட்டிருக்கிற குட்டிக்கு அதைவிடப் பொருந்தாத ஆகாரத்தை வேண்டுமென்று யோசித்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். நான்கு வாரத்துக்கு உட்பட்ட தாயில்லாக் குட்டிக்கு நாய்ப்பாலின் அமைப்பில் தயாரித்த பால்மாவு கடைகளில் கிடைக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதுடையதற்குப் பால் ஓர் அவசியமே அன்று. தயிரின் விஷயம் வேறு. புளிக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்துவிடுவதால், நன்றாகத் தோய்ந்த தயிர் சிறிதளவு பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளுகிறது.

பாலை நிறுத்திய ஓரிரு நாட்களில் கழிச்சல் நின்றுவிட்டால் மகிழ்ச்சி. நிற்காத பட்சத்தில் அடுத்தபடியாகச் சந்தேகிக்க வேண்டியது உணவை அன்று, புழுவை. நாயின் உருளைப் புழுக்கள் குட்டி பிறப்பதற்கு முன்பே தாயின் உடலிலிருந்து அதற்குள் புகுந்துவிடுகின்றன. தாய்ப்பால் வழியாகவும் வருகின்றன. கொக்கிப் புழுவும் பால் வழியே இறங்கி, குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் அதை நினைக்க வேண்டும். இதனால்தான் இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்து எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். மெலிந்த முதுகும் உப்பிய வயிறுமாக, எவ்வளவு தின்றாலும் தேறாமல் இருக்கும் குட்டியைப் பார்த்து, இதற்கு இன்னும் சத்துள்ள ஆகாரம் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் புழுக்களுக்கே விருந்து வைக்கிறார்கள். உருளைப் புழுவின் முட்டைகள் மண்ணில் முதிர்ந்து, விளையாடும் குழந்தைகளின் கை வழியே உள்ளே போனால், அவற்றின் புழுக்கள் குழந்தையின் ஈரலிலும் சில சமயம் கண்ணிலும் அலைந்து தீங்கு செய்யக்கூடும் என்பதால், இது குட்டியின் க்ஷேமத்தோடு முடிகிற விஷயமும் அல்ல.

இதைவிடப் பயங்கரமான ஒரு காரணம் இருக்கிறது. 1978-இல் முதன்முதலாக இனம் காணப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகமெங்கும் பரவிவிட்ட பார்வோ என்ற வைரஸ், வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தேடித் தாக்குவது. குட்டியின் உடலில் அப்படிப்பட்டவை குடலின் உட்புறத்திலும் எலும்பு மச்சையிலும் இருக்கின்றன. ஆகவே உணவை உறிஞ்சும் சுவரும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் ஒரே சமயத்தில் அழிகின்றன. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி, நோயைத் தடுக்கப் போதாததாகவும் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கப் போதியதாகவும் இருக்கிற ஓர் இடைக்காலம் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. அது எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான், ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை, சில வார இடைவெளியில் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்று போட்டாயிற்றே என்று இருந்துவிடுபவர்களின் வீட்டில்தான் இந்த நோய் பெரும்பாலும் நுழைகிறது. மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும் அந்தக் கிருமி வீட்டுப் பினாயிலுக்கு மசிவதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதற்குத் தக்க மருந்து.

ஓயாத வாந்தி, இரத்தம் கலந்து துர்நாற்றம் வீசும் கழிச்சல், தலையைத் தூக்காத சோர்வு, தண்ணீரையும் மறுத்தல் — இவற்றில் எது தென்பட்டாலும் அந்தக் குட்டிக்கு வேண்டியது தட்டு அன்று, அன்றைய தினமே ஒரு கால்நடை வைத்தியர். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிந்து நிற்பதும், ஈறுகள் பிசுபிசுப்பாக உலர்ந்திருப்பதும், உடலில் நீர் வற்றிவிட்டதன் அடையாளங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியாக இருந்தால் இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பேன். மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கு என்ன பார்க்கப்போகிறார்கள் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்கு ஒரு காலைப்பொழுதில் போய், குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜனத்திரளை அவர்கள் பார்க்க வேண்டும்.

வைத்தியரிடம் போகிற வரையில் செய்யக் கூடாதவை இரண்டு. மனிதருக்காக வாங்கி வைத்திருக்கும் கழிச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது ஒன்று. கிருமியால் வந்த கழிச்சலில் குடலின் அசைவைக் கட்டிவைப்பது விஷத்தை உள்ளேயே நிறுத்துவதாகும். காலி (collie) முதலிய சில நாய் இனங்களில் அந்த மருந்து மூளைக்குள்ளேயே புகுந்துவிடும். காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமாலை நீட்டுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

மற்றொன்று பட்டினி. லங்கனம் பரம ஔஷதம் என்ற மூதுரையில் ஊறியவர்கள் நாம். வயது வந்த நாய்க்கு அரை நாள் உபவாசம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. குட்டியின் ஈரலிலோ சேமித்து வைத்த சர்க்கரை மிகக் குறைவு. முக்கியமாகப் பொமரேனியன், ஷீட்ஸு போன்ற சிற்றினங்களில் சில மணி நேரப் பட்டினியே இரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கி, நடுக்கமும் மயக்கமும் வலிப்பும் உண்டாக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தார் பார்வோ நோயால் கடுமையாகத் தாக்குண்ட நாய்களில் ஒரு பாதியைப் பழைய முறைப்படி வாந்தி நிற்கும் வரை பட்டினி போட்டும், மறு பாதிக்கு மருத்துவமனையில் சேர்த்த 12 மணி நேரத்திலிருந்தே மூக்குக் குழாய் வழியாக நீர்மமான ஆகாரம் செலுத்தியும் ஒப்பிட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆகாரம் பெற்றவை ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தெளிந்து எடையும் கூடின. குடலின் உட்சுவர் தன் போஷணையில் ஒரு பகுதியை இரத்தத்திலிருந்து பெறாமல், தன் வழியே செல்லும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளுகிறது. அதற்கு உணவை மறுப்பது, இடிந்த சுவரைக் கட்டும் கொத்தனுக்குச் சுண்ணாம்பை மறுப்பதாகும்.

இனி, இரத்தமும் வாந்தியும் இன்றி, உற்சாகத்தோடு ஓடியாடிக்கொண்டே வயிறு மட்டும் இளகியிருக்கிற குட்டியின் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் நேருவது இதுதான். இதற்கு வேண்டியது புதிய ஆகாரம் அன்று, பத்தியம். நோயாளிக்கு இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று வரையறுத்து, ஒரே வகை உணவைச் சலிக்காமல் கொடுக்கும் அந்தக் கட்டுப்பாடு நம் பாட்டிமார்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த வித்தை. நாய் என்றவுடன் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

பச்சரிசியைக் கழுவி, தாராளமாகத் தண்ணீர் வைத்து, கையால் நசுக்கினால் மசியும் அளவுக்குக் குழைய வடித்துக்கொள்ள வேண்டும். கோழியின் நெஞ்சுக்கறியைத் தோலும் கொழுப்பும் நீக்கி, வெறும் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுத்துவிட்டு, நார் நாராகப் பிய்த்துக்கொள்ள வேண்டும். கறி ஒரு பங்கு, சாதம் இரண்டு பங்கு, அவ்வளவே. உப்பு, மிளகாய், மசாலை எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே வீட்டுக் குழம்பிலிருந்து கழுவி எடுத்த கறித்துண்டு இந்தப் பத்தியத்தில் சேராது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு குட்டிக்கு, அசையாமல் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு 160 கலோரி அளவு வேண்டும். 100 கிராம் சாதமும் 50 கிராம் கறியும் சேர்ந்தால் 200 கலோரிக்குச் சற்று மேலாகிறது. முதல் நாளுக்கு இது போதும். ஆனால் இதை இரண்டு வேளையில் கொட்டிவிடாமல், ஐந்தாறு பாகமாக்கி, மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். வளர்கிற உடலின் முழுத் தேவை அந்த 160 கலோரியைப்போல் மூன்று மடங்கு வரை போகும் என்பதால், மலம் கட்டுப்பட ஆரம்பித்ததும் அளவை நாளுக்கு நாள் உயர்த்திக்கொண்டு வர வேண்டும்.

மாமிசம் நுழையாத வீடுகளிலும் நாய்கள் நலமாக வளருகின்றன. அவர்கள் வேகவைத்த முட்டைக்கு இசைவார்களானால் காரியம் சுலபம். அதற்கும் இசையாதவர்கள், பாலைத் திரித்து, நீரை நன்றாக வடித்துவிட்டு எடுத்த பனீரைக் கொழுப்புக் குறைந்ததாகப் பார்த்து உதிர்த்துச் சாதத்தோடு பிசையலாம். பால் சர்க்கரையின் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடுகிறது. ஒரு தேக்கரண்டி பரங்கிக்காய் விழுதைச் சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள கரையும் நார் மலத்துக்கு உருக் கொடுக்க உதவும். தேகபுஷ்டிக்கு என்று ஒரு கரண்டி நெய்யை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கெட்டிருக்கும் குடல் முதலில் கைவிடுவது கொழுப்பைத்தான். ஆட்டு ஈரல், கோழிக்கடையில் இனாமாகக் கிடைக்கும் தலையும் காலும், வெந்தபின் ஊசி ஊசியாகப் பிளக்கும் எலும்பு ஆகியவையும் இந்த நாட்களில் வாசலோடு நிற்கட்டும்.

சோற்றை நாயின் சுபாவத்துக்கு விரோதமானது என்று கூறும் ஒரு புதிய மதம் நகரங்களில் பரவி வருகிறது. நாய் ஓநாயின் வம்சம், ஆகவே பச்சை மாமிசமே அதன் தர்மம் என்பது அவர்களுடைய வாதம். சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்ஸல்சனும் அவருடைய குழுவினரும் நாயின் மரபணுக்களை ஓநாயினுடையவற்றோடு ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் தக்க மறுமொழி. மாவுப்பொருளைக் கரைக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை பெருகியிருக்கக் கண்டார்கள். மனிதனின் அடுப்படியில் பல்லாயிரம் ஆண்டுகள் காத்துக் கிடந்ததில் நாய் அவனுடைய தானியத்தையும் தனதாக்கிக்கொண்டுவிட்டது. தானியமற்றது என்பதையே பெருமையாக அச்சிட்டு விற்கும் ஆகாரங்கள் சிலவற்றுக்கும் நாய்களின் இருதய நோய்க்கும் சம்பந்தம் இருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. சம்பந்தம் திட்டமாக நிரூபிக்கப்படவில்லை என்றாலும், சோற்றைக் கண்டு அஞ்சுவதற்கு அதைவிடக் குறைந்த ஆதாரமே உண்டு. பச்சை மாமிசத்தில் குடியிருக்கும் சால்மொனெல்லாக் கிருமி, வயிறு ஏற்கனவே புண்ணாகியிருக்கிற குட்டிக்கும் அதைக் கொஞ்சுகிற குழந்தைக்கும் வேண்டாத விருந்தாளி. சாம்பார் படாத இட்லி ஒன்றை அவசரத்துக்கு உதிர்த்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியத்தில் மூன்று நாள் இருந்து, மலம் இரண்டு நாள் தொடர்ந்து கட்டியாக வந்துவிட்டால், பழைய ஆகாரத்துக்கோ தேர்ந்தெடுத்த புதிய ஆகாரத்துக்கோ திரும்பலாம். அதுவும் ஒரே நாளில் அன்று. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கு, அப்புறம் முக்கால் பங்கு என்று ஒரு வாரத்துக்குக் குறையாமல் நகர்த்த வேண்டும். இடையில் மலம் இளகினால், ஒரு படி பின்வாங்கி இரண்டு நாள் நின்று, மறுபடி ஏற வேண்டும். குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் தத்தம் உணவுக்குப் பழகியவை. புதிய உணவுக்கு ஏற்ற கூட்டம் பெருகுவதற்கு அவகாசம் வேண்டும்.

கோழியும் சாதமும் இவ்வளவு நன்றாக ஒத்துக்கொண்டதே, இதையே ஆயுள் முழுதும் கொடுத்தால் என்ன என்று எண்ணுபவர்கள் பலர். அங்கேதான் நோயாளியின் உணவும் வளர்கிறவனின் உணவும் வேறாகின்றன. கறியில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேலாக இருக்கிறது. வளரும் குட்டிக்கோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக, சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாக வேண்டும். பல வாரங்கள் இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கறந்துகொள்ளும். கால்கள் வளையும், சிறு குதியலில் எலும்பு முறியும். இதைக் கேட்டவுடன் கால்சியம் டானிக்கை வாங்கி ஊற்றுவதும் பிசகு. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் கொடுத்து ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டபோது, மிகுதியும் எலும்பு வளர்ச்சியைக் கெடுப்பதைக் காட்டினார்கள். லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனக் குட்டிகளை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

ஆகவே, வீட்டிலேயே சமைத்து வளர்ப்பதென்றால் ஒரு கால்நடை வைத்தியரிடம் அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டு செய்யட்டும். அதற்குச் சாவகாசம் இல்லாதவர்களுக்குப் பை ஆகாரமே மேல். 1860-ஆம் ஆண்டளவில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் நாய்க்கென்று பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வியாபாரம் எவ்வளவோ பெருகி, விளம்பரமும் அதற்குத் தக்கபடி பெருகியிருக்கிறது. பையின் முகப்பில் உள்ள படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்துச் சிறு எழுத்தைப் படிப்பதே விவேகம். வளரும் குட்டிக்குப் பூரணமான ஆகாரம் என்று அதில் குறித்திருக்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணயம், ஈரம் நீங்கலாகக் கணக்கிட்டு, குட்டிக்குப் புரதம் 22.5 சதவிகிதமும் கொழுப்பு 8.5 சதவிகிதமும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. வயிறு இலகுவில் கெடும் குட்டிக்கு, இந்த அளவுக்கு மேற்பட்டதாயினும் கொழுப்பு மிக ஏறாததாகப் பார்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்ததே ஜீரணத்துக்கு நல்லது என்பது நிச்சயமில்லை. ஆனால் சாக்கைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் சரக்கை, எவ்வளவு பெயர்பெற்ற கம்பெனியினுடையதாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அதன் கொழுப்புச் சிக்குவாடை கொள்ளுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது; எந்த நாளில் திறந்தது என்று கடைக்காரருக்கே தெரிவதில்லை.

அளவு, உணவின் வகைக்குச் சற்றும் தாழ்ந்த விஷயமன்று. லாப்ரடார் குட்டி நிறுத்தச் சொல்லும் ஜாதியன்று, வைத்ததையெல்லாம் விழுங்கும், விழுங்கியதில் மிஞ்சியது இளகி வெளியேறும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை என்று பிரித்து, ஒரே கை மட்டும் ஊட்டுவதென்று வீட்டில் ஏற்பாடு செய்துகொள்வது நலம். அம்மா வைத்தது போகத் தாத்தா ஒரு வாய் தயிர்சாதமும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன் இரண்டு முறுக்கும், விருந்தாளி ஒரு துண்டு கேக்கும் அன்பினால் போட்டுவிட்ட பிறகு, எந்த ஆகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எந்தப் பரிசோதனைச்சாலையாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி அன்பினால் போடப்படுபவற்றுள் சாக்லேட்டும் திராட்சையும் கழிச்சலோடு நில்லாத விஷங்கள்.

இவ்வளவும் கிரமமாகச் செய்தும் இரண்டு மூன்று வாரங்களில் மலம் ஸ்திரப்படாத குட்டிகள் சில உண்டு. அவற்றைப் பற்றி உடனே அலர்ஜி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையான உணவு ஒவ்வாமை சிறு குட்டிகளில் அவ்வளவு சகஜமன்று. புதிய மலத்தை ஒரு சிறு டப்பியில் எடுத்துக்கொண்டு போய், ஜியார்டியாவும் காக்சிடியாவும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அவை ஒருமுறை பார்த்ததில் அகப்படாமல் மறுமுறை அகப்படுவதும் உண்டு. அளவு மிகுந்து, வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மலம் போய், ஓயாப் பசியோடும் ஓயா மெலிவோடும் இருக்கும் அல்சேஷன் நாய்க்குக் கணையத்தின் நொதியே சுரக்காமல் இருக்கலாம். அதற்கு ஆகாரத்தோடு அந்த நொதியையே கலந்து கொடுக்க வேண்டும். புரதத்தை முன்னரே சிறு துணுக்குகளாகப் பிளந்து தயாரித்த விசேஷ ஆகாரங்கள் இதற்கெல்லாம் அப்பால் வருபவை. அவற்றை முயலும்போது வாரக்கணக்கில் வேறொன்றும் வாயில் படலாகாது.

இவற்றில் பெரும்பகுதி நேராமலே தடுப்பதற்கு, குட்டிகளை விற்கிறவர்களிடம் இரண்டு காரியங்களை நாம் வற்புறுத்திக் கேட்கத் தொடங்கலாம். எட்டு வாரம் நிரம்பியதற்கும், புழு மருந்தும் தடுப்பூசியும் போட்டதற்கும் தேதியிட்ட சீட்டு ஒன்று. அதுவரை குட்டி என்ன தின்றது, எத்தனை வேளை தின்றது என்று எழுதி, அதே ஆகாரத்தில் ஒரு வாரத்துக்குக் காணும் பொட்டலம் ஒன்று. பத்தாயிரம், இருபதாயிரம் என்று விலை வாங்குகிறவர்களுக்கு இரண்டு கிலோ ஆகாரம் ஒரு பாரமாகாது. கேட்டும் இவற்றைக் கொடுக்க மறுக்கிறவரிடம் குட்டியை வாங்காமல் திரும்பிவிடலாம். வாங்க ஆளில்லை என்று தெரிந்தால், விதிப்புத்தகத்தை இதுவரை திறந்து பாராதவர்களும் அதைத் தேடிப் படிப்பார்கள்.